ஊசியக்காவின் ஷஃபான் மாதம்

ஊசியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால் ஒன்பதரைக்குள் எட்டு, ஒன்பது வீடு முடித்துவிட்டு லேபுக்குத் திரும்புவாள். பையில் ஐஸ் பெட்டி, சிவப்பு, ஊதா, சாம்பல் மூடி போட்ட குழாய்கள், கையில் கட்டும் ரப்பர் பட்டை, பஞ்சு. எந்த வீட்டுக் கதவு திறந்தாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "வெறும் வயித்துலதானே இருக்கீங்க?"

கை அவ்வளவு லேசு. ஊசி ஏறியது தெரியவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் கையின் பங்கு பாதி, வாயின் பங்கு பாதி. எதையாவது சுவாரஸ்யமாகச் சொல்லிக்கொண்டே குத்தினால் எதிரில் இருப்பவரின் கவனம் கதையில் இருக்கும், கையில் இருக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நர்ஸ் சொல்லிக்கொடுத்த உத்தி அது. வானிலை, காய்கறி, சாலையில் தோண்டிய பள்ளம் என்று ஆரம்பித்தாள். வருஷம் ஆக ஆக அடுத்த வீட்டுக் கதைகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்குத்தான் ஜனங்கள் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. ரிப்போர்ட்டில் வரும் எண்ணை ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. அது தொழில் தர்மம். வீட்டுக்குள் கண்ணில் படுவது ரிப்போர்ட்டில் சேராது அல்லவா? யார் வீட்டில் மருமகள் தனியாகச் சமைக்கிறாள், யார் வீட்டுச் சோபாவில் தலையணை கிடக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது என்று வைத்திருந்தாள். வாடிக்கையாளர்களுக்கு நோயை வைத்தே பெயரும் சூட்டியிருந்தாள். தைராய்டு அக்கா, கொழுப்பு சார், சர்க்கரை அம்மா. வீட்டில் இந்தக் கதைகளைக் கேட்பதற்கு வீட்டுக்காரர் இருந்தார். கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓட்டி அவருக்கு இடது காது மந்தம். சாப்பிடும்போது அந்தப் பக்கம் அவளை உட்காரவைத்துக்கொள்வார். தலையை மட்டும் ஆட்டுவார்.

நோன்பு மாதத்துக்கு முந்தைய மாதம் ஷஃபான். அது பிறந்துவிட்டால் ஊசியக்கா வேறு ஆளாகிவிடுவாள். போன நோன்பில் மாதவிலக்கில் விட்டுப்போனது ஏழு. விட்டதை ஈடுகட்டும் அந்தக் களா நோன்பை திங்கள், வியாழன் என்று நாள் பார்த்து வைத்து முடிப்பாள். ஐந்து டீயை இரண்டாகக் குறைப்பாள், முதல் நோன்பன்று தலைவலி மண்டையைப் பிளக்காமல் இருக்க. தொலைக்காட்சித் தொடர் நிற்கும். நாளுக்கு நான்கு பக்கம் குர்ஆன் ஓதி நாக்கைப் பழக்குவாள். வெள்ளிக்கிழமை மதியம் பெண்களுக்குப் பாடம் சொல்லும் ஆலிமாவின் வகுப்புக்குப் போவாள். மார்க்கம் படித்த பெண்மணி அவர். வருஷாவருஷம் அதே பாடம்தான். வயிறு மட்டும் பட்டினி கிடந்தால் போதாது, நாக்கும் கிடக்கவேண்டும். அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவனிடம் அழுது கேட்கலாம். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷனிடம்தான் கேட்கவேண்டும். ஊசியக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். யாரோ ஒருவருக்குச் சொல்கிற மாதிரியே அது அவளுக்குப் படும்.

அந்த வருஷம் ஷஃபான் எட்டாம் நாள் வந்த வீடுகளின் பட்டியலில் வேன்காரர் வீடு இருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். அன்று அவருக்குச் சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தாள். ஃப்ரிட்ஜின் மேல் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் அது வலிப்புக்குப் போடும் மாத்திரை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அடுத்துப் போனது தைராய்டு அக்கா வீட்டுக்கு. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதே வேனில்தான் போய்வந்தார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டே, "உங்க வேன்காரருக்கு வலிப்பு மாத்திரை ஓடுது போல, பாத்துக்குங்க" என்றாள். கொழுப்பு சார் வீட்டிலும் சொன்னாள். சர்க்கரை அம்மா வீட்டிலும் சொன்னாள். ஒரு மாதம் கழித்து அந்த வேன் தெருவில் தென்படவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

இப்போது கதவைத் திறந்தது வேன்காரரின் மனைவி. வீட்டிலேயே துணி தைப்பவர், தோளில் அளவெடுக்கும் இஞ்ச் டேப் தொங்கியது.

"நீங்க வர்றதுக்காகத்தான் இன்னும் மாத்திரை போடாம இருக்கேன். டாக்டர் அப்படித்தான் எடுக்கச் சொன்னார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

ஊசியக்கா சீட்டைப் பார்த்தாள். பெயர் அந்த அம்மாவுடையது. வலிப்பு மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை.

"இந்த மாத்திரை... சாருக்கு இல்லையா?"

"அவருக்கா? அவர் கல்லு மாதிரி இருக்காரு. எனக்குத்தான், பதினோரு வயசுலேர்ந்து. ஒழுங்கா போட்டா வராது." பிறகு அவர் முகம் மாறியது. "உங்க காதுக்கும் அந்தக் கதை வந்துடுச்சா?"

ஊசியக்கா குனிந்து பட்டையை அவர் கையில் கட்டினாள்.

"யாரோ ஒரு மகராசி கிளப்பிவிட்டது. பதினாலு பிள்ளைங்க. ஒரே மாசத்துல மூணாச்சு. அந்த மூணும் போச்சு. வேன் ஷெட்டுல கிடக்குது. இவரு கார் நிறுத்துற இடத்துல சீட்டு கிழிச்சுக் குடுத்துட்டிருக்காரு. நான் சொன்னேன், 'எனக்குத்தான் வலிப்புன்னு சொல்லிடுங்க, போகட்டும்'னு. ஒரே பிடிவாதம். 'உன்னை நாலு பேர் வாயில அரைபட விடமாட்டேன். போனா வேலைதான போகுது'ன்னுட்டாரு."

அன்று ஊசியக்காவுக்கு நரம்பு கிடைக்கவில்லை. முதல் குத்து தவறியது. மறுகையில் குத்தித்தான் எடுத்தாள். "இவ்வளவு நாள்ல இன்னிக்குத்தான் தப்பியிருக்கு, மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள். "ஊசிதானே, பரவாயில்ல விடுங்க" என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு மீதி ஐந்து வீட்டிலும் அவள் வாயைத் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று மூன்று வீட்டில் கேட்டார்கள்.

நான்கு நாள் தள்ளிப்போட்டாள். ஓதுவதை நான்கு பக்கத்திலிருந்து எட்டாக்கினாள். தொழுகைக்குப் பின் உபரியாகத் தொழுதாள். சமையலறை அலமாரியைக் காலி செய்து கழுவினாள். எதுவும் ஒட்டவில்லை. ஓதும்போது கண் வரியில் இருந்தது, மனசு ஷெட்டில் கிடந்த வேனில் இருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு ஆலிமாவிடம் போய் ஆதியோடந்தமாகச் சொன்னாள். யார் வீடு, யாருக்கு நோய் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆலிமா அவளைவிட வயதில் சின்னவர். 

"அவருக்குத் தெரியலைன்னா, போய்ச் சொல்லி நோகடிக்க வேணாம்னு சொல்ற அறிஞர்களும் இருக்காங்க. எங்கெல்லாம் தப்பாச் சொன்னீங்களோ அங்கெல்லாம் போய்த் திருத்திச் சொல்லணும். அவருக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேக்கணும்."

"அது போதுமா?"

"வெறும் பேச்சோட போயிருந்தா போதும்னு சொல்லலாம். இங்க அவரு வேலை போயிருக்கே?"

"போயிருக்கு."

"அப்ப நீங்களே யோசிங்க" என்று சொல்லிவிட்டு ஆலிமா பாயைச் சுருட்டினார்.

ஊசியக்கா சுலபமான பாதியை முதலில் எடுத்துக்கொண்டாள். மூன்று வீடு. அதைச் சுலபம் என்று நினைத்தது தப்பு என்று முதல் வீட்டிலேயே தெரிந்தது.

தைராய்டு அக்கா மாவு பிசைந்த கையோடு வந்தார். வேன்காரருக்கு வலிப்பு இல்லை, தான் சொன்னது பொய் என்று ஊசியக்கா சொன்னதும் அவர் புருவத்தைச் சுருக்கினார். "நீங்களா சொன்னீங்க? எனக்கு ஞாபகமே இல்லையே. ஸ்கூல் கேட்ல பேசிக்கிட்டாங்க, நான் கேட்டேன்."

"கேட்ல பேசினவங்களுக்கு நீங்க சொன்னீங்க. உங்களுக்கு நான் சொன்னேன்."

"இருக்கலாம்" என்றார் தைராய்டு அக்கா, பிடி கொடுக்காமல். பிறகு கண் மின்னக் கேட்டார். "அப்ப அந்த மாத்திரை யாருக்காம்?"

பதில் ஊசியக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் விஷயம் அந்த நிமிஷமே முடிந்துவிடும், எல்லோரும் நம்புவார்கள். மென்று முழுங்கினாள். "அது எனக்குத் தேவையில்லாத விஷயம் அக்கா" என்றாள். தன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

கொழுப்பு சார் அதைவிட மோசம். அவர் அவளை நம்பவே இல்லை. "உனக்கு விஷயம் தெரியாதும்மா. அந்த ஆளு சிக்னல்ல ஸ்டியரிங் மேலயே சாஞ்சு விழுந்திருக்கான். என் மச்சான் கண்ணால பாத்திருக்கான்."

"அப்படி நடக்கவே இல்ல சார். அந்தப் பேச்சே என் வாயிலேர்ந்து கிளம்பினதுதான்."

"நீ இளகின மனசுக்காரி, அதான் அவனுக்காகப் பேசற" என்றார் அவர். கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து அவள் சொன்ன பொய் ஓர் ஆளாகவே வளர்ந்து நின்றது. பெற்றவளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. மச்சானோடு மல்லுக்கு நிற்க முடியாமல் எழுந்து வந்தாள்.

சர்க்கரை அம்மா மட்டும் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. போன வருஷம் ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற. போகட்டும். என்னைப் பத்தி எந்த வீட்ல என்ன சொல்லியிருக்க?"

சொல்லியிருந்தாள். மகன் ஃபோன் பண்ணுவதே இல்லை என்று இரண்டு வீட்டில் சொல்லியிருந்தாள். ஊசியக்கா தலையைக் குனிந்துகொண்டு அதையும் சொன்னாள். சர்க்கரை அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் வேற ஆளை அனுப்பச் சொல்லு" என்றார். குரலில் கோபம் இல்லை.

இதையெல்லாம் அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். இந்தத் தடவை வலது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்து சொன்னாள். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார்.

"அவர்கிட்ட போகப்போறியா?"

"போகணும்."

"நானும் வரட்டுமா?"

"வேணாம். பேசினது நான்தானே."

இரண்டு நாள் கழித்து ஐந்தாவது களா நோன்பு வைத்தாள். அன்று லேப் வேலை முடிந்து மூன்று மணிவாக்கில் கார் நிறுத்துமிடத்துக்குப் போனாள். கட்டடத்தின் அடித்தளத்தில், சரிவுப் பாதை இறங்கும் இடத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவு கண்ணாடிக் கூண்டு. உள்ளே வேன்காரர். காலடியில் சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"லேப்லேர்ந்து வர்றீங்கதானே? ரிப்போர்ட்ல ஏதாவது கோளாறா?"

"இல்லைங்க. ரிப்போர்ட் நல்லா இருக்கு."

அவருக்கு மூச்சு வந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து, "டீ சாப்பிடுங்க" என்றார். நோன்பு என்றாள். "நோன்பு மாசம் இன்னும் வரலியே?" விட்டுப்போனதை முடிக்கிறேன் என்றாள். அதற்குமேல் சுற்றிவளைக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. நின்றபடியே சொன்னாள். ஃப்ரிட்ஜ் மேல் பார்த்தது, மூன்று வீட்டில் சொன்னது, உண்மை தெரிந்தது, திருத்தப் போய் முடியாமல் போனது. நடுவில் இரண்டு கார்கள் வந்தன. அவர் இரண்டுக்கும் சீட்டு கிழித்துக் கொடுத்துத் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டார். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

முடித்தபிறகு அவர் சீட்டுக் கட்டின் ஓரத்தை விரலால் தட்டிச் சீராக்கினார்.

"நான் ஒன்பது மாசமா என் அண்ணன் பொண்டாட்டியைச் சந்தேகப்பட்டுட்டிருக்கேன்" என்றார். "வீட்ல மாத்திரை இருக்கறது அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். பேச்சுவார்த்தையே இல்ல."

 இது ஊசியக்காவின் பட்டியலில் இல்லாதது.

"இப்ப ஏன் வந்து சொல்றீங்க?"

"நோன்பு வருது. மனுஷங்களுக்குச் செஞ்சதுக்கு அவங்ககிட்டயே மன்னிப்புக் கேக்காம நோன்பு வச்சா அது வெறும் பட்டினின்னு..."

"ஓ." அவர் சீட்டுக் கட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இது உங்க நோன்புக்காக. என் நோன்பு இல்ல. நான் மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா நீங்க நிம்மதியாப் போயிடுவீங்க. நான் இந்தக் கூண்டுலயே இருப்பேன். இதுல எனக்கு என்ன?"

அவர் சத்தம் போடவில்லை. கேள்வியாகவேதான் கேட்டார். 

"நான் என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள்.

"எழுதிக் குடுங்க. பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்ட காட்டுறேன். என் வீட்டுக்காரியைப் பத்தி ஒரு எழுத்து வரக்கூடாது."

எழுதிக் கொடுத்தால் லேபில் தன் கதி என்ன என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் சீட்டுக் கட்டுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கண்ணாடி வழியே தள்ளினார். அவள் ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினாள். இன்ன லேபில் வேலை பார்க்கும் நான், இந்த ஓட்டுநருக்கு வலிப்பு நோய் இருப்பதாகச் சொன்னது பொய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் படித்தார். "'தெரியாமல்' வேணாம். தெரிஞ்சதா நெனச்சுத்தானே சொன்னீங்க."

வேறு தாள் வாங்கி, 'விசாரிக்காமல்' என்று மாற்றி எழுதினாள். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சேன்னு இப்ப என் வாயில வராது" என்றார். "வந்தா சொல்றேன். நீங்களா வந்து கேக்காதீங்க."

மறுநாள் காலை, கடிதத்தின் சேதி லேபுக்குப் போய்ச்சேருவதற்கு முன்பே, லேப் நடத்தும் மேடத்திடம் தானே போய்ச் சொன்னாள். மேடம் முதலில் கத்தினார், பிறகு தண்ணீர் குடித்தார், பிறகு நிதானமாகப் பேசினார். "உங்க கை மாதிரி கை எனக்குக் கிடைக்காது. ஆனா இனிமே உங்களை ஒரு வீட்டுக்குள்ள அனுப்ப முடியாதுக்கா." அன்றிலிருந்து பின்கட்டு அறை. ரத்தக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம், ஒட்டுச்சீட்டு, பதிவேடு. குழாய்கள் எதையும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. முதல் வாரம் அவளுக்கு வாய் வலித்தது, பேசாததால். தனக்குத் தெரிந்த சங்கதிகளில் முக்கால்வாசி பிறர் வீட்டுச் சங்கதி என்பது அந்த அறையில் உட்கார்ந்துதான் அவளுக்கு உறைத்தது. அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அவளிடம் பேசுவதற்குக் கொஞ்சம்தான் இருந்தது.

வேன்காரர் கடிதத்தை ஏழு வீட்டில் காட்டினார். நான்கு வீட்டில் மனசு இறங்கினார்கள், ஐந்து பிள்ளைகள் கிடைத்தார்கள். ஷெட்டிலிருந்து வேன் வெளியே வந்தது. காலையில் வேன், பதினோரு மணிக்குமேல் கூண்டு என்று ஓட ஆரம்பித்தார். தைராய்டு அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பரிதாபப்பட்டார். அவருடைய பிள்ளைகள் மட்டும் திரும்பவில்லை. புது வேனில் ஏசி இருந்தது. கொழுப்பு சார் கடைசிவரை மச்சானைத்தான் நம்பினார். இந்த விவரங்களெல்லாம் லேபுக்கு வருகிறவர்கள் பேசிக்கொள்வதிலிருந்து ஊசியக்காவின் காதில் விழுந்தன. அவள் யாரிடமும் கேட்கவில்லை.

ஏழாவது களா நோன்பு, பிறை பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு முடிந்தது. நாளுக்கு எட்டுப் பக்கம் என்ற கணக்கு எப்போதோ உடைந்து, ஓதியது மொத்தம் நூறுகூடத் தேறவில்லை. வழக்கமாக நோன்பு பிறக்கும்போது வீட்டை மெழுகித் துடைத்து வைத்துவிட்டது போன்ற ஒரு திருப்தி வரும் அவளுக்கு. இந்தத் தடவை அது வரவில்லை. பிறை தெரிந்த செய்தியை வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். "நாளைக்கு நோன்பு" என்றார். "ம்" என்றாள்.

முதல் நோன்பன்று பின்கட்டு அறையில் நாற்பத்து மூன்று பேரின் ரத்தத்தைச் சுழற்றினாள். தலைவலி வரவில்லை. சாயங்காலம் நோன்பு திறக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருவரும் விரிப்பில் உட்கார்ந்தார்கள். கேட்டது கிடைக்கும் என்று சொல்லப்படும் நேரம் அது. வருஷாவருஷம் அவளிடம் நீளமான ஜாபிதா இருக்கும். வீட்டுக்காரர் காது, தன் முழங்கால், அக்கா மகளுக்கு நல்ல இடம். இந்தத் தடவை வேன்காரரில் ஆரம்பித்தாள். அவர் மன்னிக்கவேண்டும் என்று கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். அண்ணன் குடும்பத்தோடு அவர் பேச்சுவார்த்தை சரியாகட்டும் என்று கேட்டாள். வேனில் மீதி ஒன்பது இடமும் நிறையட்டும் என்று கேட்டாள். அதைக்கூடத் தனக்காகத்தான் கேட்கிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அது தீர்வதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்த மாதம் முழுவதும் வேன்காரரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.